அழித்தும் குறையாத டிஸ்க், தேடியும் கிடைக்காத பெயர்: தரவுத்தளக் கோளாறுகளை அறிகுறியிலிருந்து பிடிப்பது

திருகோணமலையில் தங்களிடம் ஒரு தரவுத்தளம் இருப்பதே தெரியாமல் அதை வைத்து நடத்துகிறவர்கள் நிறையப் பேர். மீன் வாடியில் கொள்முதல் கணக்கு, நகரத்து மருந்துக்கடையில் இருப்புக் கணக்கு, உப்புவெளி விடுதியில் அறைப் பதிவு, கந்தளாய்ப் பக்கத்து அரிசி ஆலையில் மூட்டைக் கணக்கு. இவற்றின் அடியில் பெரும்பாலும் மூன்றில் ஒன்றுதான் ஓடுகிறது: எஸ்கியூலைட், மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ். ஏதாவது கோளாறு வந்தால் "சொஃப்ட்வேர் சரியில்லை" என்பார்கள். பாதி நேரம் சொஃப்ட்வேரில் பிழை இராது. பதிவு டிஸ்கில் எப்படிக் கிடக்கிறது என்று பார்த்தால் விடை அங்கே இருக்கும்.

கீழே அறிகுறிப்படி எழுதியிருக்கிறேன். உங்களுடைய அறிகுறிக்கு நேரே போகலாம். ஆனால் இந்த முதல் பகுதியை வாசிக்காமல் போகாதீர்கள்.

கை வைக்க முன்

முதலில் எது ஓடுகிறது என்று கண்டுபிடியுங்கள். எல்லாமே ஒரே கோப்பாக இருந்தால் அநேகமாக எஸ்கியூலைட். அந்தக் கோப்பை ஒரு பிரதியெடுத்து, பிரதியை நோட்பேடில் திறந்தால் தொடக்கத்திலேயே எஸ்கியூலைட் ஃபோர்மட் 3 என்று எழுதியிருக்கும். ஒவ்வோர் அட்டவணைக்கும் 'ஐபிடி' என்று முடியும் கோப்பு இருந்தால் மைஎஸ்கியூஎல், அதற்குள் தரவைச் சேமிக்கும் பகுதியின் பெயர் இன்னோடிபி. 'பேஸ்' என்ற ஃபோல்டருக்குள் வெறும் எண்களையே பெயராகக் கொண்ட கோப்புகள் குவிந்து கிடந்தால் போஸ்ட்கிரெஸ். அதில் ஓர் அட்டவணை 1 ஜிகாபைட்டைத் தாண்டினால் அதே எண்ணோடு புள்ளி 1, புள்ளி 2 என்று அடுத்த கோப்புகள் தொடரும்.

மூன்றுக்கும் பொதுவான விஷயம், பதிவுகளை ஒவ்வொன்றாக டிஸ்கில் எழுதுவதில்லை. கோப்பு முழுவதும் ஒரே அளவான பக்கங்களாக வெட்டப்பட்டிருக்கும். போஸ்ட்கிரெஸில் பக்கம் 8 கிலோபைட், இன்னோடிபியில் 16. எஸ்கியூலைட்டில் 2016க்குப் பிறகு உருவாக்கிய கோப்புகளில் வழக்கமாக 4, அதற்கு முந்தியவற்றில் 1. ஒரு வரி வேண்டுமென்றாலும் அது கிடக்கும் பக்கம் முழுவதையும்தான் எடுத்து வாசிக்கும்.

போஸ்ட்கிரெஸ் பக்கம் ஒன்றைக் கொஞ்சம் கிட்டப் பார்ப்போம். மொத்தம் 8192 பைட். முதல் 24 பைட் பக்கத்தின் தலைப்பு. அதன்பின் ஒவ்வொன்றும் 4 பைட்டான சுட்டிகள் முன்னாலிருந்து பின்னோக்கி அடுக்கப்படும். பதிவுகளோ பக்கத்தின் கடைசியிலிருந்து முன்னோக்கி வரும். நடுவில் இருப்பது காலி இடம். இரண்டும் முட்டினால் பக்கம் நிறைந்தது. ஒவ்வொரு பதிவுக்கும் சொந்தமாக 23 பைட் தலைப்பு இருக்கிறது. எந்தப் பரிவர்த்தனை (ஒன்றாகச் சேர்ந்து நடக்கும் மாற்றங்களின் தொகுப்பு) இதை உண்டாக்கியது, எது அழித்தது என்ற எண்கள் அதில் இருக்கும். இந்தத் தலைப்பை மறக்காதீர்கள், பல கோளாறுகளின் வேர் அங்கேதான். வாடிக் கணக்கில் திகதி, படகு எண், மீன், கிலோ, விலை என்று ஒரு வரி, தலைப்பும் சுட்டியும் சேர்த்து 100 பைட் வருகிறது என்று வைத்தால் ஒரு பக்கத்துக்கு 81 வரி. பதிவின் விலாசம் என்பது பக்க எண்ணும் சுட்டி எண்ணும்: பக்கம் 412, சுட்டி 7.

போஸ்ட்கிரெஸில் பதிவுகள் குவியலாகக் கிடக்கும், எந்தப் பக்கத்தில் இடம் இருக்கிறதோ அங்கே போய் விழும். இன்னோடிபியில் அட்டவணையே முதன்மைச் சாவியின் (ஒவ்வொரு வரிக்கும் உரிய தனி அடையாளத்தின்) வரிசையில் அமைந்த ஒரு மரம், இலைப் பக்கங்களில்தான் வரிகள் இருக்கும். எஸ்கியூலைட்டும் வழக்கமாக அப்படித்தான், வரிசைக்கு அதனுடைய உள் எண்ணை வைத்துக்கொள்கிறது.

சரி, இன்னும் ஒன்று. எந்த வைத்தியத்துக்கும் முன் புரோகிராமையும் தரவுத்தளச் சேவையையும் நிறுத்தி, முழு ஃபோல்டரையும் வேறொரு டிஸ்குக்குப் பிரதி எடுங்கள். தரவுத்தளம் பழுதான நிலையில் இருந்தாலும் அப்படியே எடுங்கள். கீழே உள்ள சில கட்டளைகளைக் கொடுத்த பிறகு திரும்பிப் போக வழி கிடையாது.

"பழைய கணக்கெல்லாம் அழித்தாயிற்று, டிஸ்க் குறையவேயில்லை"

மிக அதிகமாக வரும் முறைப்பாடு இதுதான். "தம்பி, மூண்டு வருசத்துக் கணக்கை அழிச்சுப்போட்டன், டிஸ்க் இன்னும் சிவப்பாத்தான் கிடக்கு" என்று வாடிக்காரர் அழைப்பார். அவர் அழித்தது உண்மை. டிஸ்க் குறையாததும் உண்மை. விடுதியில் ஆள் அறையைக் காலி செய்தால் அறைதான் காலியாகும், கட்டடம் சிறுக்காது.

போஸ்ட்கிரெஸில் டிலீட் கொடுத்தால் அந்தப் பதிவின் தலைப்பில் 'இந்தப் பரிவர்த்தனை அழித்தது' என்று ஓர் எண் எழுதப்படும், அவ்வளவுதான். பைட்டுகள் இருந்த இடத்திலேயே இருக்கும். பிறகு வேக்யூம் என்ற துப்புரவு வேலை வந்து, இனி யாருக்கும் அந்த வரி தேவையில்லை என்று கண்டால் இடத்தைக் காலி என்று குறித்துவைக்கும். புதிய பதிவுகள் அங்கே வந்து அமரும். கோப்பின் கடைசியில் தொடர்ச்சியாக முழுக் காலிப் பக்கங்கள் இருந்தால் மட்டும் அவற்றை வெட்டி இயங்குதளத்திடம் கொடுக்கும். பழைய கணக்கு கோப்பின் முன்பகுதியில்தான் இருக்கும் என்பதால் வெட்ட ஒன்றும் அகப்படாது.

ஆகவே முதற் கேள்வி: இந்த அட்டவணை மறுபடி அதே அளவுக்கு வளருமா? வளரும் என்றால் ஒன்றும் செய்யாதீர்கள். காலி இடம் தானாக நிரம்பும், கோப்பு கொஞ்ச காலத்துக்கு ஏறாது. அநேகருக்கு நான் கொடுக்கும் மருந்து இந்த 'ஒன்றும் செய்யாதீர்கள்'தான், யாருக்கும் அது பிடிப்பதில்லை.

வளராது, இடம் கட்டாயம் திரும்ப வேண்டும் என்றால் வேக்யூம் ஃபுல். அது அட்டவணை முழுவதையும் புதிய கோப்பில் நெருக்கி எழுதி, பழையதை விட்டுவிடும். இரண்டு தொல்லை உண்டு. முடியும் வரை அந்த அட்டவணையை வாசிக்கக்கூட முடியாது, எனவே வாடியில் மீன் இறங்கும் நேரத்தில் செய்யக் கூடாது. அடுத்தது, புதிய பிரதிக்கு டிஸ்கில் இடம் வேண்டும். டிஸ்க் நிரம்பியதால்தான் இதைச் செய்ய வந்திருக்கிறீர்கள், அந்த இடம் எங்கே இருக்கும்? அப்படியானால் வெளி டிஸ்க் ஒன்றுக்கு டம்ப் (தரவு முழுவதையும் வெளியே எழுதிய பிரதி) எடுத்து, அது சரியாக இருக்கிறதா என்று வேறு கொம்பியூட்டரில் ஏற்றிப் பார்த்து, பிறகு இங்கே அட்டவணையை நீக்கி மறுபடி ஏற்றுவதே வழி.

வருடா வருடம் பழைய கணக்கை அழிப்பது வழக்கம் என்றால் அட்டவணையை ஆண்டுவாரியாகப் பார்ட்டிஷன் செய்து வையுங்கள். ஒவ்வோர் ஆண்டும் தனிக் கோப்பு. 2021 வேண்டாம் என்றால் அந்தப் பார்ட்டிஷனை நீக்கினால் போதும், கோப்பே போய்விடும், இடமும் உடனே திரும்பும்.

இன்னோடிபியிலும் அழித்த இடம் கோப்புக்குள்ளேயே தங்கும். ஆப்டிமைஸ் டேபிள் கொடுத்தால் அட்டவணையைத் திரும்பக் கட்டும், கோப்பு சிறுக்கும். அட்டவணைக்கு ஒரு கோப்பு என்ற ஏற்பாடு 5.6 பதிப்பிலிருந்துதான் இயல்பாக வந்தது. அதற்கு முந்திய பழைய நிறுவலாக இருந்து, எல்லாம் ஐபிடேட்டா1 என்ற ஒற்றைக் கோப்புக்குள் போயிருந்தால் அந்தக் கோப்பு எக்காலத்திலும் சிறுக்காது. டம்ப் எடுத்து, எல்லாவற்றையும் அகற்றி, புதிதாக ஏற்றுவது மட்டுமே வழி. எஸ்கியூலைட்டில் காலிப் பக்கங்களின் எண்ணிக்கையைக் கேட்டுப் பக்க அளவால் பெருக்கினால் எவ்வளவு திரும்பும் என்று முன்கூட்டியே தெரியும். வேக்யூம் அதைத் திருப்பித் தரும், ஆனால் அது ஓடும்போது கோப்பின் இரண்டு மடங்கு வரை காலி இடம் கேட்கலாம்.

"வரிகள் கொஞ்சம்தான், கோப்பு மட்டும் ஊதிக்கொண்டே போகிறது"

விலைப் பலகை அட்டவணை என்று ஒன்று. சூரை, பாரை, அறக்குளா, விளைமீன் என்று சில பத்து வரிகள். விடிகாலையிலிருந்து விலை மாறிக்கொண்டே இருக்கும். போஸ்ட்கிரெஸில் அப்டேட் என்பது இருந்த பதிவைத் திருத்துவதல்ல. புதிய பதிவு ஒன்றை எழுதி, பழையதை அழிந்ததாகக் குறிப்பது. ஒரு வரியை ஆயிரம் முறை மாற்றினால் ஆயிரம் செத்த வரிகள்.

இவற்றைக் கூட்டி அள்ளத்தான் ஆட்டோவேக்யூம் இருக்கிறது. செத்த வரிகள் 50ஐயும் மொத்த வரிகளில் 20 சதவீதத்தையும் கூட்டிய தொகையைத் தாண்டினால் அது வேலையைத் தொடங்கும். சின்ன அட்டவணைக்கு இது போதும். ஒரு கோடி வரியுள்ள அட்டவணையில் 20 இலட்சம் செத்த வரி சேரும் வரை அது அசையாது என்பதைக் கவனியுங்கள். பெரிய அட்டவணைகளுக்கு அந்தச் சதவீதத்தைத் தனியாகக் குறைத்து வைக்கலாம், வைக்க வேண்டும்.

பிஜி ஸ்டாட் யூசர் டேபிள்ஸ் என்ற பட்டியலில் செத்த வரிகளின் எண்ணிக்கையும் ஆட்டோவேக்யூம் கடைசியாக ஓடிய நேரமும் இருக்கும். நேரம் புதிதாக இருக்கிறது, எண்ணிக்கை மட்டும் இறங்கவில்லை என்றால் எங்கோ ஒரு பரிவர்த்தனை முடிக்கப்படாமல் திறந்து கிடக்கிறது. பழைய வரியைப் பார்க்கும் உரிமை அதற்கு இன்னும் இருப்பதால் வேக்யூம் அதைத் தொட முடியாது. பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டியில் 'ஐடில் இன் டிரான்ஸாக்ஷன்' என்று நிற்பவற்றில் மிகப் பழையதைப் பாருங்கள். வழக்கமாக அது கணக்குப்பிள்ளை காலையில் திறந்து பாதி நிரப்பிவிட்டுத் தேநீர் குடிக்கப் போன திரையாகத்தான் இருக்கும். அதை முடியுங்கள். இத்தனை நிமிடத்துக்கு மேல் சும்மா நின்றால் துண்டித்துவிடு என்று சொல்லும் அமைப்பு 9.6 பதிப்பிலிருந்து இருக்கிறது, அதையும் போட்டுவிடுங்கள்.

அடிக்கடி மாறும் அட்டவணைக்கு ஃபில்ஃபேக்டரை 100இலிருந்து 80 அளவுக்கு இறக்குவது நல்லது. ஒவ்வொரு பக்கத்திலும் கொஞ்சம் இடம் விட்டுவைக்கும். அப்டேட்டான பதிவு அதே பக்கத்தில் அமர்ந்தால், மாறிய பத்தி (அட்டவணையின் நிரல்) எந்த இன்டெக்ஸிலும் (தேடலுக்கான தனிப் பட்டியலிலும்) இல்லாத பட்சத்தில், இன்டெக்ஸ்களைத் தொடாமலே வேலை முடியும். விலைப் பத்தியில் இன்டெக்ஸ் போட்டு வைத்திருந்தால் இந்தச் சலுகை கிடைக்காது. சில பத்து வரி அட்டவணைக்கு விலையில் இன்டெக்ஸ் எதற்கு?

மைஎஸ்கியூஎல்லில் வரி இருந்த இடத்திலேயே திருத்தப்படும், பழைய வடிவம் அன்டூ பகுதிக்குப் போகும். ஆனால் முடிக்காத பரிவர்த்தனை அங்கும் இதே கூத்தைத்தான் செய்யும், ஊதுவது அன்டூ பகுதி.

"நேற்று வரிசையாக வந்த பட்டியல் இன்று குழம்பி வருகிறது"

தரவுத்தளத்திடம் கேட்ட கேள்வியில், வரிசைப்படுத்து என்று சொல்லும் ஓர்டர் பை இல்லை. சேருங்கள், முடிந்தது.

நேற்று வரை ஒழுங்காக வந்தது தற்செயல். குவியலில் பதிவுகள் வந்த ஒழுங்கில் கிடந்தன. பிறகு சில அழிந்தன, வேக்யூம் இடம் பிடித்துக் கொடுத்தது, புதிய பதிவு முன்பக்கத்து ஓட்டையில் போய் அமர்ந்தது.

"பெயர் திரையில் தெரிகிறது, தேடினால் இல்லை என்கிறது"

இதற்கு மூன்று காரணம் உண்டு. மூன்றில் இரண்டு தமிழில் கணக்கு வைப்பவர்களுக்கே உரியவை. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் தேடிப் பயனில்லை.

முதலாவது பாமினி. பல அலுவலகங்களில் பழைய பதிவுகள் பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டவை. டிஸ்கில் இருப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான், எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவம் போட்டுக் காட்டுகிறது. யூனிகோடில் அடித்துத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? அந்தப் பத்தியை வேறு எழுத்துருவில் காட்டிப் பாருங்கள். ஆங்கிலக் கிறுக்கலாக மாறினால் பாமினிதான். ஒரேயடியாக யூனிகோடுக்கு மாற்றுங்கள். பாதிப் பதிவு அப்படி, பாதி இப்படி என்று விட்டுவைப்பதுதான் மிக மோசம்.

இரண்டாவது நுணுக்கமானது. யூனிகோடிலேயே 'கோ' என்பதை இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஓகாரக் குறி ஒன்றைச் சேர்ப்பது ஒரு விதம். ககரத்தோடு ஏகாரக் கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்ப்பது இன்னொரு விதம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. டிஸ்கில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் 3 பைட். 'திருகோணமலை' முதல் விதத்தில் 10 குறி, 30 பைட். இரண்டாம் விதத்தில் 11 குறி, 33 பைட். போஸ்ட்கிரெஸும் எஸ்கியூலைட்டும் வழக்கமான அமைப்பில் இரண்டு சொற்கள் சமமா என்பதைப் பைட்டுகளை வைத்தே முடிவு செய்கின்றன, ஆகவே அவற்றுக்கு இவை இரண்டு வெவ்வேறு ஊர்கள். சோதிப்பது சுலபம்: ஒரே மாதிரித் தெரியும் இரு வரிகளின் பைட் நீளத்தைக் கேளுங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

போஸ்ட்கிரெஸ் 13இலிருந்து நோர்மலைஸ் என்ற செயற்பாடு இருக்கிறது. பழைய பதிவுகளை ஒருமுறை அதால் திருத்தி, இனி வருவதைச் சேமிக்க முன் அதே வழியில் அனுப்புங்கள். எஸ்கியூலைட் என்றால் புரோகிராமுக்குள்தான் செய்ய வேண்டும். ஒன்றை மட்டும் நோர்மலைஸ் காப்பாற்றாது: 'கௌரி' என்ற பெயரில் ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக் கொம்பும் ளகரமும் அடித்திருப்பது. கண்ணுக்கு அதேதான், ஆனால் கணனிக்கு அது வேறு எழுத்து. கௌரி, கௌசல்யா, சௌந்தரம் என்ற பெயர்களைத் தனியாகத் தேடித் திருத்த வேண்டும். மருந்துக்கடை அக்கா ஒருவர் "ஒரே ஆளுக்கு ரெண்டு கணக்கு வருது தம்பி, கடன் எதில எண்டு தெரியேல்ல" என்று கேட்டது இந்தக் கொம்பால்தான்.

மூன்றாவது எல்லா மொழிக்கும் பொது: இன்டெக்ஸ் கெட்டுப்போயிருப்பது. இன்டெக்ஸும் பக்கங்களால் ஆன மரம். சொற்களின் வரிசையை நம்பி இடமா வலமா என்று இறங்கிப் போகிறது. லினக்ஸில் அந்த வரிசையைப் போஸ்ட்கிரெஸ் வழக்கமாக ஜிலிப்சி நூலகத்திடம் கேட்கிறது. 2018இல் வந்த ஜிலிப்சி 2.28 வரிசை விதிகளைப் பெரிதாக மாற்றியது. டெபியன் 9 இருந்த சேவரை 10க்கு, உபுண்டு 18.04 இருந்ததை 20.04க்கு ஏற்றிவிட்டுத் தரவு ஃபோல்டரை அப்படியே வைத்துக்கொண்டவர்களின் இன்டெக்ஸ்கள் பழைய வரிசையில் அடுக்கப்பட்டவை, தேடுவதோ புதிய வரிசைப்படி. தவறான கிளையில் இறங்கி 'இல்லை' என்று வரும்.

உறுதிப்படுத்த, அந்த அமர்வில் மட்டும் இன்டெக்ஸ் ஸ்கேன், இன்டெக்ஸ் ஒன்லி ஸ்கேன், பிட்மேப் ஸ்கேன் மூன்றையும் அணைத்துவிட்டு அதே தேடலைக் கொடுங்கள். இப்போது அட்டவணை முழுவதையும் வாசிக்கும். பெயர் கிடைத்தால் குற்றவாளி இன்டெக்ஸ். ரீஇன்டெக்ஸ் கொடுத்தால் சரியாகும், 12இலிருந்து வேலை நடந்துகொண்டிருக்கும்போதே கொடுக்கலாம். தனித்தன்மை இன்டெக்ஸ் (ஒரே பெயர் இருமுறை வர விடாதது) என்றால் இடைக்காலத்தில் ஒரே பெயர் இரண்டு முறை உள்ளே போயிருக்கலாம். அப்போது ரீஇன்டெக்ஸ் தோற்கும், இரட்டைகளை நீக்கிவிட்டு மறுபடி கொடுக்க வேண்டும். 15இலிருந்து கொலேஷன் (எழுத்து வரிசை விதி) பதிப்புப் பொருந்தவில்லை என்று எச்சரிக்கை வரும். அந்த எச்சரிக்கையை மட்டும் அணைக்கும் கட்டளையை இன்டெக்ஸ்களைத் திரும்பக் கட்டிய பிறகே கொடுங்கள்.

"தமிழ்ப் பெயர் முழுதாக ஏறவில்லை, அல்லது கேள்விக்குறியாக வருகிறது"

பத்தியின் நீள எல்லையை வார்சார் 10 என்று போட்டால் பத்து எழுத்து என்று நினைப்போம். 'திருகோணமலை' நமக்கு ஆறு எழுத்து, தரவுத்தளத்துக்குப் பத்து. 'கிண்ணியா' நமக்கு நாலு, அதற்கு எட்டு. நீள எல்லையைத் தாராளமாக வையுங்கள். வார்சார் பத்தியில் பயன்படாத நீளத்துக்கு டிஸ்கில் இடம் போகாது.

மைஎஸ்கியூஎல்லின் பழைய வரி வடிவத்தில் இன்டெக்ஸுக்கு 767 பைட்தான் எல்லை. யூடிஎஃப்8எம்பி4 என்ற எழுத்துக் குறியீட்டில் ஒரு குறிக்கு 4 பைட் என்று கணக்கிடுவதால் 191 குறிக்கு மேல் ஏற்காது. வார்சார் 255 இன்டெக்ஸ் தோற்பது இதனால். வரி வடிவத்தை டைனமிக் ஆக்கினால் எல்லை 3072 ஆகும்.

கேள்விக்குறி வந்தால் பதற முன் ஹெக்ஸ் வடிவில் (பைட்டுகளைப் பதினறும எண்களாக) பாருங்கள். 3எஃப், 3எஃப் என்றே வந்தால் எழுத்து சேமிக்கும்போதே போய்விட்டது, மீட்க முடியாது. ஈ0 ஏஈ, ஈ0 ஏஎஃப் என்று மூன்று மூன்றாக வந்தால் தமிழ் உள்ளே பத்திரமாக இருக்கிறது. இணைப்பின் எழுத்துக் குறியீட்டை மாற்றினால் தெரியும்.

"கொப்பிக் கணக்கை விடச் சிறிய தரவுத்தளம், பதிவு சேர்க்கச் சேர்க்க மந்தமாகிறது"

மூதூரிலும் கிண்ணியாவிலும் கிளை இருக்கிறது, எண் மோதக் கூடாது என்று முதன்மைச் சாவியாக யூயூஐடி என்ற எழுந்தமானமான நீண்ட அடையாள எண்ணைப் போட்டிருப்பார்கள், அதுவும் 36 எழுத்து உரையாக. இன்னோடிபியில் அட்டவணையே சாவி வரிசையில் இருப்பதால் ஒவ்வொரு புதிய வரியும் எங்கோ நடுவில் உள்ள பக்கத்தில் நுழைய வேண்டும். நிறைந்த பக்கம் இரண்டாகப் பிளக்கும், இரண்டும் அரைகுறையாக நிற்கும். ஏறுவரிசைச் சாவி என்றால் பக்கம் 16இல் 15 பங்கு நிரம்பிய பிறகே அடுத்ததற்குப் போகும். போதாததற்கு மற்ற இன்டெக்ஸ்கள் ஒவ்வொன்றும் இந்த 36 எழுத்தையும் சுமக்கின்றன. நேரத்தை முன்னால் கொண்ட ஏழாம் வகை யூயூஐடிக்கு மாறி, 16 பைட் இருமமாக வையுங்கள்.

"ஒரே இரவில் டிஸ்க் நிரம்பி, தரவுத்தளம் நின்றுவிட்டது"

போஸ்ட்கிரெஸ் எந்த மாற்றத்தையும் பக்கத்தில் எழுத முன் வால் என்ற குறிப்பேட்டில் எழுதும், 16 மெகாபைட் கோப்புகளாக. வேலை முடிந்த கோப்புகளைத் தானே மறுபடி பயன்படுத்தும். அவை மலைபோல் குவிந்திருந்தால் யாரோ அவற்றைப் பிடித்துவைத்திருக்கிறார்கள். இரண்டு இடம் பாருங்கள். ரெப்ளிகேஷன் ஸ்லொட் (இரண்டாவது சேவருக்காக வால் கோப்புகளைப் பிடித்துவைக்கும் ஏற்பாடு) பட்டியலில் செயலற்றது ஏதும் இருக்கிறதா? இரண்டாவது சேவரைக் கழற்றிப் போன மாதம் ஓரமாக வைத்திருப்பார்கள், அதற்கான ஸ்லொட் மட்டும் இன்னும் காத்திருக்கும். நீக்கிவிடுங்கள். அடுத்தது, வால் கோப்புகளை வேறிடத்துக்குப் பிரதியெடுக்கும் ஆர்க்கைவ் கட்டளை தோற்றுக்கொண்டிருக்கிறதா?

கோப்புகளைக் கையால் அழிக்கவே கூடாது. இந்த ஃபோல்டரின் பழைய பெயரில் 'லொக்' என்ற சொல் இருந்தது. வேண்டாத லொக் என்று நினைத்து அழித்துத் தரவுத்தளத்தையே இழந்தவர்கள் இருந்ததால்தான் 2017இல் வந்த 10ஆம் பதிப்பில் பெயரையே மாற்றினார்கள். மைஎஸ்கியூஎல்லில் இதே இடத்தில் பைனரி லொக் இருக்கும். 8.0இல் இயல்பாக 30 நாள் வைத்திருக்கும், நீக்கப் பர்ஜ் கட்டளை உண்டு.

வேறு எதற்கும் உதவாத 1 ஜிகாபைட் கோப்பு ஒன்றை டிஸ்கில் போட்டு வையுங்கள். டிஸ்க் முட்டிய இரவில் அதை அழித்துவிட்டு மூச்சு விடலாம்.

"கரண்ட் போய் வந்தது, பிறகு திறக்கவில்லை"

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த காலத்தில் இந்த அறிகுறியைக் கேட்காத நாளில்லை. மாரி காலத்தில் இன்றும் வரும்.

8 கிலோபைட் பக்கம் டிஸ்குக்கு ஒரே மூச்சில் போய்ச் சேர்வதில்லை. பாதி எழுதியபோது கரண்ட் போனால் பக்கத்தின் ஒரு பாதி புதியது, மறுபாதி பழையது. இதற்கு மூன்றிலும் ஏற்பாடு இருக்கிறது. போஸ்ட்கிரெஸ், செக்பொயின்ட் (மாறிய பக்கங்களை டிஸ்கில் எழுதி முடிக்கும் கட்டம்) ஒன்றுக்குப் பிறகு ஒரு பக்கம் முதன்முறை மாறும்போது அந்த முழுப் பக்கத்தையும் வாலில் எழுதிக்கொள்ளும். இன்னோடிபி பக்கத்தை முதலில் தனியிடத்தில் எழுதிவிட்டு, பிறகே உரிய இடத்தில் எழுதும். எஸ்கியூலைட் வழக்கமான முறையில் பழைய பக்கத்தை ஜர்னல் கோப்பில் வைத்துக்கொண்டுதான் மாற்றத் தொடங்கும்.

அதனால் முதல் வேலை, பொறுமை. மறுபடி தொடங்கும்போது மீட்பு வேலை ஓடும், நேரம் எடுக்கும். திரை அசையவில்லை என்று மறுபடி நிறுத்தாதீர்கள். எஸ்கியூலைட் கோப்புக்குப் பக்கத்தில் ஜர்னல் என்று முடியும் கோப்பு கிடந்தால் அது குப்பையல்ல. அதை அழித்தால் பாதி எழுதிய நிலையே நிரந்தரமாகிவிடும்.

அதற்குப் பிறகும் 'பிளாக் 412இல் பக்கம் செல்லாது' என்று போஸ்ட்கிரெஸ் சொன்னால் பிழைச்செய்தியில் உள்ள கோப்பு எண் எந்தப் பொருளுடையது என்று பாருங்கள். இன்டெக்ஸ் என்றால் அதிர்ஷ்டம். ரீஇன்டெக்ஸ் போதும், ஒரு வரியும் போகாது. அட்டவணை என்றால் பேக்அப். அதுவும் இல்லையென்றால் விலாசத்தை வைத்து, பக்கம் 412க்கு முந்திய வரிகளையும் பிந்தியவற்றையும் தனித்தனியாக வேறு அட்டவணைக்கு எடுங்கள். பழுதான பக்கத்தை வெறுமையாக எண்ணிக்கொள் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. நம் வாடிக் கணக்கில் அதற்கு விலை 81 வரி. கடைசியில்தான் அது.

இன்னோடிபியில் கட்டாய மீட்பு நிலைகள் 1 முதல் 6 வரை. 1இல் தொடங்குங்கள். 4உம் அதற்கு மேலும் தரவுக் கோப்பையே நிரந்தரமாகக் கெடுக்கலாம். எந்த நிலையில் திறந்தாலும் டம்ப் எடுத்துக்கொண்டு வெளியே வந்து புதிதாகக் கட்டுங்கள், அதிலேயே வியாபாரம் செய்யாதீர்கள். எஸ்கியூலைட்டில் இன்டெக்ரிட்டி செக் கொடுத்து, இன்டெக்ஸில் வரி இல்லை என்ற செய்திகள் மட்டும் வந்தால் ரீஇன்டெக்ஸ். வேறு ஏதும் வந்தால் ரெகவர் கட்டளையால் புதிய கோப்புக்கு எடுங்கள்.

திரும்பத் திரும்ப இது நடந்தால் தரவுத்தளத்தை விட்டுவிட்டு டிஸ்கைச் சந்தேகியுங்கள். மேலே சொன்ன பாதுகாப்பெல்லாம், 'எழுதிவிட்டேன்' என்று டிஸ்க் சொல்வது உண்மை என்ற நம்பிக்கையில் நிற்பவை. மலிவான சிலது தற்காலிக நினைவகத்தில் வைத்துக்கொண்டே எழுதிவிட்டதாகச் சொல்லும். யூபிஎஸ்ஸையும் கழற்றிப் பாருங்கள். கடற்கரையோரக் கடைகளில் உப்புக்காற்றில் பேட்டரி முனை பச்சைபிடித்துக் கிடக்கும், விளக்கு மட்டும் எரியும்.

"பென்டிரைவ் பேக்அப்பில் இன்றைய பதிவுகள் இல்லை"

எஸ்கியூலைட்டை வால் முறையில் ஓடவிட்டிருப்பார்கள். புதிய பக்கங்கள் முதலில் 'வால்' என்று முடியும் பக்கத்துக் கோப்பில்தான் சேரும், பிறகு செக்பொயின்டின்போது முதன்மைக் கோப்புக்குப் போகும். மாலையில் கடையைப் பூட்ட முன் முதன்மைக் கோப்பை மட்டும் பென்டிரைவில் இழுத்துப் போட்டால் இன்றைய விற்பனை பக்கத்துக் கோப்பிலேயே நின்றுவிடும். பதிவு நடந்துகொண்டிருக்கும்போது இழுத்தால் இன்னும் மோசம், பாதிப் பக்கங்கள் முந்தியவை, பாதி பிந்தியவை என்று திறக்கவே முடியாத ஒன்று கையில் இருக்கும். புரோகிராமை முழுதாக மூடிவிட்டு எடுங்கள், அல்லது எஸ்கியூலைட்டின் சொந்த பேக்அப் கட்டளையைக் கொடுங்கள். எடுத்த பிரதியை அன்றே வேறு கொம்பியூட்டரில் திறந்து, கடைசி ரசீது எண் கடையில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.